தூக்கக்கூடாது என்கிறார்கள், குழந்தை கை நீட்டுகிறாள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஐந்து பேர் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தார்கள். புற்றுநோய்க்காக மார்பை எடுத்த பிறகு அதை மறுபடி உருவாக்கிக்கொள்ளும் ஆபரேஷன், அது நடக்கிற மாதங்களில் வீடு எப்படி ஓடும் என்பது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதே வழியில் நடந்து வந்தவள், அப்புறம் பல வருடங்களாக இதே நிலையில் இருக்கும் பெண்களோடு பேசிக்கொண்டிருப்பவள். காயம், மருந்து பற்றி நான் எழுதுவதும் உங்கள் சர்ஜன் சொன்னதும் வேறுபட்டால் அவர் சொன்னதையே கேளுங்கள், உங்கள் உடம்பைத் தெரிந்தவர் அவர்தான்.

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. மூன்று வாரத்துக்கு முன்னால் இடது மார்பை எடுத்து, அதே ஆபரேஷனில் எக்ஸ்பாண்டர் வைத்தார்கள். இனி வாராவாரம் போய் அதில் தண்ணீர் ஏற்ற வேண்டுமாம். பெரியவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு இரண்டரை. எதையும் தூக்கக்கூடாது என்கிறார்கள், அவளோ காலையில் எழுந்ததும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நேற்று அழுகை தாங்காமல் தூக்கிவிட்டேன், ராத்திரி முழுக்கப் பயந்துகொண்டே படுத்திருந்தேன். கணவரும் மாமியாரும் முடிந்ததைச் செய்கிறார்கள், ஆனால் எல்லாவற்றையும் என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்கிறார்கள். உயிர் பிழைத்ததே போதாதா, இதை வேறு கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டையே சிரமப்படுத்துகிறேனே என்று சில நேரம் தோன்றுகிறது.

பதில்: முதலில் நேற்று ராத்திரி பயம். ஒரு தடவை தூக்கியதாலேயே எல்லாம் கெட்டுப்போய்விடாது தங்கச்சி, ஆனால் வாய்விட்டுச் சொல்லாமல் மறைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தூக்கிவிட்டேன் என்று சொல்லுங்கள். அவர்கள் திட்ட மாட்டார்கள், இதை வாரத்துக்குப் பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் திடீரென்று வீங்கினாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, தையல் வழியாக நீர் கசிந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஏன் தூக்கக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டால் மனசு கொஞ்சம் ஒத்துழைக்கும். எக்ஸ்பாண்டர் என்பது காற்றில்லாத பலூன் மாதிரி ஒன்று. அதை மார்புத் தசைக்கு அடியிலோ மேலேயோ வைத்து, உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித் தோலை விரிக்கிறார்கள். கனமாக எதையாவது தூக்கும்போது அந்தத் தசையும் புதுத் தையலும் இழுபடும், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், காயம் ஆறுவது தள்ளிப்போகும். பெரும்பாலான சர்ஜன்கள் முதல் 4 முதல் 6 வாரம் வரை 2, 3 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பார்கள். இரண்டரை வயசுக் குழந்தை கிட்டத்தட்ட 12 கிலோ இருக்கும், அதுவும் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு துள்ளும்.

ஆனால் தூக்கக்கூடாது என்றால் தொடக்கூடாது என்று அர்த்தமில்லை, இதைத்தான் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. நீங்கள் முதலில் உட்காருங்கள், பெரிய தலையணை ஒன்றை நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், அவளாக ஏறி வலது பக்கம் வந்து உட்காரட்டும். சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டால் போதும், அந்த வயசில் ஏறுவது அவர்களுக்குப் பெருமை. காலையில் கை நீட்டி நிற்கிறாளே, அந்த நேரத்துக்கு மட்டும் வேறு யாராவது அவளைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் படுக்கையில் விடட்டும். அவளுக்கு வேண்டியது நீங்கள்தான், உயரம் இல்லை. என் சின்னவனுக்கு நான் “அம்மாவுக்குப் புண்ணு, நீ ஏறி வா” என்று ஒரே வாக்கியத்தைத்தான் தினமும் சொன்னேன், முதல் ஐந்து நாள் அழுதான், ஆறாவது நாள் அவனே தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

தண்ணீர் ஏற்றும் நாட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் சாதாரணமாக 50 முதல் 100 மில்லி வரை ஏற்றுவார்கள், ஊசி குத்துவது பல பேருக்குத் தெரியவே தெரியாது, அந்தத் தோலில் உணர்ச்சி குறைவாக இருப்பதால். கஷ்டம் அப்புறம்தான் வரும். அன்று மாலையிலிருந்து ஒன்றிரண்டு நாள் நெஞ்சில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியது போல இருக்கும், முதுகு பிடிக்கும், எரிச்சலாக வரும். அதனால் தேதி வாங்கும்போது உங்களுக்கு எந்த நாள் வசதி என்று பார்ப்பதைவிட, மறுநாள் வீட்டில் யார் இருப்பார்கள் என்று பாருங்கள். கணவருக்கு விடுமுறை வரும் நாளுக்கு முந்தின நாளாகக் கேட்டு வாங்குங்கள். வலி மாத்திரை எதை எப்போது போடலாம் என்று முன்னாலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியவில்லை என்றால் ஒரு வாரம் விட்டு ஏற்றச் சொல்லிக் கேட்கவும் செய்யலாம், நிறையப் பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் ஏற்றுகிறார்கள். இன்னொன்று, பல எக்ஸ்பாண்டர்களில் ஊசி குத்தும் இடத்தைக் கண்டுபிடிக்க உள்ளே காந்தம் இருக்கும். அதனால் வேறு எதற்காகவாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், எக்ஸ்பாண்டர் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது “கேட்டுக் கேட்டுத்தான் செய்கிறார்கள்” என்ற வரி. எனக்கும் இதேதான். கை ஓய்வில் இருந்தது, தலை முழு நேர வேலை பார்த்தது. எந்தப் பையில் எந்த நோட்டு, யாருக்கு எப்போது தடுப்பூசி, எந்த டீச்சருக்குப் பதில் போட வேண்டும், எல்லாம் படுத்துக்கொண்டே நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் தூங்கலாம் என்று கண்ணை மூடியபோது ஏழு தடவை எழுப்பினார்கள், ஏழும் பாசத்தோடுதான். அன்றைக்குத்தான் புரிந்தது, வேலைகளைத் துண்டு துண்டாகக் கொடுக்கக்கூடாது, முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று. “அவனுக்குச் சட்டை எடுத்துக் கொடுங்கள்” என்றால் மறுநாளும் நாம்தான் சொல்ல வேண்டும். “பள்ளிக்கூடம் முழுக்க இனி உங்களுடையது, நோட்டு, ஃபீஸ், மீட்டிங், மறந்துபோனால் அதுவும்” என்று கொடுத்துவிட்டால் அது நம் தலையை விட்டு இறங்கும். கணவரிடம் பள்ளிக்கூடத்தையும் மாமியாரிடம் சமையலறையையும் மொத்தமாகக் கொடுங்கள். அவர்கள் செய்கிற விதம் உங்கள் விதமாக இருக்காது, சட்டை சுருங்கியிருக்கும், ஒரு மீட்டிங் தவறிப்போகும், போகட்டும். நீங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது இரண்டே இரண்டு: பிசியோதெரபிஸ்ட் கொடுத்த தோள்பட்டைப் பயிற்சி, அப்புறம் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பது. அந்தப் பயிற்சியை வேலை மும்முரத்தில் விட்டுவிடுகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பல மாதம் கழித்துக் கை மேலே போக மறுக்கும்போது அழுவார்கள்.

கடைசி வரிக்கு வருகிறேன். கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். 1895-லேயே ஜெர்மனியில் வின்சென்ஸ் செர்னி என்ற சர்ஜன், மார்பை இழந்த ஒரு பெண்ணுக்கு அவள் உடம்பிலேயே வேறு இடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அந்தக் குழியை நிரப்பினார். அவ்வளவு காலமாகப் பெண்கள் கேட்டுவருகிற ஒன்றைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். கை உடைந்தால் எலும்பைச் சேர்த்துக் கட்டச் சொல்வதற்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. உங்கள் வீடு சிரமப்படுவது உண்மை, ஆனால் அந்தச் சிரமத்தைக் கொண்டுவந்தது நோய். அதை நீங்கள் உங்கள் பேரில் எழுதிக்கொள்ளாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: எனக்கு 43 வயது, வலது மார்பை எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு ரேடியேஷனும் உண்டு. ஒரு டாக்டர் இப்போதே எக்ஸ்பாண்டர் வைத்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் ரேடியேஷன் முடிந்து ஆறிய பிறகு வயிற்றுச் சதையை எடுத்துச் செய்யலாம் என்கிறார். மகளுக்கு இந்த வருடம் முக்கியமான தேர்வு, அப்பாவுக்கு நடமாட்டம் குறைவு, என்னோடுதான் இருக்கிறார். “எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவிடு” என்கிறார்கள் வீட்டில். வீட்டு நிலவரத்தைப் பார்த்து மருத்துவ முடிவு எடுப்பது தப்பா?

பதில்: தப்பே இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நாள் தள்ளக்கூடாது. மறுசீரமைப்புக்கோ காலாவதித் தேதி கிடையாது, ஒரு வருடம் கழித்தும் செய்யலாம், பத்து வருடம் கழித்தும் செய்யலாம். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

உங்கள் விஷயத்தில் ரேடியேஷன் பெரிய புள்ளி. ரேடியேஷன் பட்ட இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது பிறகு எக்ஸ்பாண்டரை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் மென்மையான பை, இருந்தால், அதைச் சுற்றி உடம்பு உண்டாக்கும் உறை இறுகிக் கெட்டியாவதும் வலிப்பதும் வடிவம் மாறுவதும் அதிகம். அதனால்தான் பல சர்ஜன்கள் ரேடியேஷனை முடித்து, தோல் அமைதியாகச் சில மாதங்கள் விட்டு, அப்புறம் சொந்தச் சதையை வைத்துச் செய்ய விரும்புகிறார்கள். எக்ஸ்பாண்டரை இப்போதே வைக்கச் சொல்கிறவர்களுக்கும் காரணம் உண்டு, தோல் சுருங்காமல் இடம் காத்துக்கொள்ளும், எழுந்து பார்க்கும்போது நெஞ்சு முழுசாகத் தட்டையாக இருக்காது. இரண்டு டாக்டரிடமும், “ரேடியேஷனுக்கு அப்புறம் இதில் என்ன கெட்டுப்போகலாம், கெட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்” என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

வீட்டுக் கணக்கில் இரண்டும் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வயிற்றிலிருந்து தோலும் கொழுப்பும் ரத்தக்குழாயோடு எடுத்து நெஞ்சில் மைக்ராஸ்கோப் வைத்து இணைக்கும் டீப் ஃப்ளாப் ஆபரேஷன் ஒரு பெரிய அடி. ஒரு பக்கத்துக்கே ஆறு, எட்டு மணி நேரம் ஆகலாம், முதல் இரண்டு நாள் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று மணிக்கு மணி வந்து தொட்டுப் பார்ப்பார்கள், மூன்று முதல் ஐந்து நாள் வரை ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தால் வயிற்றுத் தையலுக்காக ஒரு வாரம், பத்து நாள் குனிந்தேதான் நடப்பீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் வரை அப்பாவைக் கைத்தாங்கலாக எழுப்புவது, நகர்த்துவது எதுவும் முடியாது, இதற்கு வேறு ஆள் இல்லாமல் அந்தத் தேதியை வாங்கவே வாங்காதீர்கள். ஆனால் அது ஆறிவிட்டால் சொந்த உடம்பு, பிற்பாடு பராமரிப்பு குறைவு. எக்ஸ்பாண்டர், இம்ப்ளான்ட் வழியில் ஒவ்வொரு ஆபரேஷனும் சின்னது, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது மாதக்கணக்கில் நீளும், குறைந்தது இரண்டு ஆபரேஷன். இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க இருக்கும் பொருளும் இல்லை, பின்னாளில் மாற்ற வேண்டி வரலாம், சிலிக்கோன் என்றால் உள்ளே கிழிந்திருக்கிறதா என்று அவ்வப்போது ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். உங்கள் வீடு ஒரு பெரிய புயலைத் தாங்குமா, மாதக்கணக்கில் தூறலைத் தாங்குமா என்பதை டாக்டரைவிட நீங்கள்தான் அறிவீர்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், மகளின் தேர்வு, ரேடியேஷன், அப்பா எல்லாம் ஒரே வருடத்தில் இருக்கும்போது பெரிய ஆபரேஷனைத் தள்ளிவைப்பது கோழைத்தனம் ஆகாது. அதுவரை உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகம் இருக்கிறது, எடையும் வடிவமும் பொருத்தமாகவே கிடைக்கிறது. கடைசியில் வேண்டவே வேண்டாம், தட்டையாகவே இருந்துவிடுகிறேன் என்று முடிவெடுத்தாலும் அதுவும் முழு முடிவுதான், அப்படி நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். “ஒரேயடியாக முடித்துவிடு” என்பவர்களிடம், எந்த வழியிலும் இது ஒரேயடியாக முடிவதில்லை என்று சொல்லுங்கள். முலைக்காம்பு அமைப்பது, இன்னொரு பக்கத்தோடு ஒத்துவரச் சரிசெய்வது என்று சின்னச் சின்ன வேலைகள் பிறகும் இருக்கும். டமாக்சிஃபன் போன்ற, புற்றுநோய்க்கான ஹார்மோன் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் ஆபரேஷன் தேதி பேசும்போதே சொல்லிவிடுங்கள், ரத்தம் உறையும் அபாயத்துக்காகச் சிலர் அதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: வயது 58. மார்பை எடுத்து 11 வருடம் ஆகிறது. அப்போது பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், என்னைப் பற்றி நினைக்க நேரமில்லை. இப்போது செய்துகொள்ள ஆசையாக இருக்கிறது, இந்த வயதில் எதற்கு என்று மகனே கேட்கிறான்.

பதில்: வயதை மட்டும் வைத்து யாரும் மறுப்பதில்லை அம்மா. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், புகைப் பழக்கம், உடல் எடை, இவற்றைத்தான் பார்ப்பார்கள். ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் போய்ப் பாருங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவனுக்குப் பதில் சொல்லும் வேலையை டாக்டர் பார்த்துக்கொள்வார். 11 வருடம் மற்றவர்களுக்காகத் தள்ளிவைத்தவர் இன்னும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: அம்மா, என் மனைவிக்கு ஃப்ளாப் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். நான் என்ன செய்தாலும் கோபம் வருகிறது அவளுக்கு. என்ன செய்யணும் சொல்லு என்று கேட்டாலும் கோபம். காயத்தை என்னிடம் காட்டுவதில்லை, நான் வந்தால் திரும்பிக்கொள்கிறாள். என் மேல் என்ன தப்பு?

பதில்: தம்பி, “என்ன செய்யணும் சொல்லு” என்பது நல்ல மனசோடு கேட்கிற கேள்விதான், ஆனால் அதற்குப் பதில் யோசிப்பதும் அவருக்கு இன்னொரு வேலை. முதல் கடிதத்துக்கு நான் எழுதியதைப் படியுங்கள், ஒன்றிரண்டு விஷயங்களை நீங்களாகவே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் உங்கள் போனில் இருக்கட்டும், இன்ஷூரன்ஸ் காகிதங்கள் உங்கள் மேசைக்கு வரட்டும்.

காயத்தைக் காட்டுவது அவர் நேரம். கேட்டு நச்சரிக்க வேண்டாம், பார்க்கப் பயப்படுவது போலவும் நடந்துகொள்ள வேண்டாம். “நீ எப்போது காட்டினாலும் பார்ப்பேன், காட்டாவிட்டாலும் பரவாயில்லை” என்று ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். என் கணவர் முதலில் பார்த்தது டிரெயின் டியூபைக் காலி செய்ய வேண்டி வந்தபோதுதான். உள்ளே சேரும் நீர் வெளியே வர அந்த டியூபை வைத்து அனுப்புவார்கள் இல்லையா, அதில் எத்தனை மில்லி என்று காலையும் மாலையும் நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் எடுப்பார்கள் என்பதால் அவர் அந்த நோட்டை அப்படி ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் கணக்கு நடுவில் கூச்சம் எப்போது போனதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். புது மார்பில் உணர்ச்சி இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக வந்தாலும் மாதக்கணக்காகும், பலருக்கு முழுசாகத் திரும்புவதே இல்லை. வலிக்கிறதே என்று பாசத்தோடு வெந்நீர்ப் பையை எடுத்து வைத்துவிடாதீர்கள், தோல் வெந்துபோவதுகூட அவருக்குத் தெரியாது. நீங்கள் தொடும்போது அவருக்கு ஒன்றும் தெரியாமல் போவதும் அந்தக் கோபத்துக்குள் இருக்கலாம். அது ஒரு துக்கம் தம்பி. அதற்குக் கூட இருப்பதைத் தவிர நீங்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை, இருங்கள்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 14 வயது. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து தம்பியைக் கிளப்புவது, துணி மடிப்பது, பாத்திரம் எல்லாம் நான்தான். சில நேரம் அம்மா மேலேயே கோபம் வருகிறது, உடனே அழுகையும் வருகிறது. கட்டிப்பிடிக்கவும் பயமாக இருக்கிறது, வலிக்குமோ என்று. எனக்கும் இது வருமா?

பதில்: கண்ணு, கோபம் வந்ததால் நீ கெட்ட பொண்ணு ஆகிவிடவில்லை. உனக்குக் களைப்பு. உன் வயசுக்கு இது நிறைய வேலை, அப்பாவிடமோ வீட்டில் இருக்கும் வேறு பெரியவர்களிடமோ இந்தக் கடிதத்தைக் காட்டு, இதில் இரண்டு வேலையை அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல். வாரத்தில் ஒரு சாயங்காலம் உன்னுடையதாக இருக்க வேண்டும், தோழிகளோடு இருக்க, சும்மா இருக்க.

மார்பகப் புற்றுநோயில் 100-க்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக மரபணு வழியாக வருவது. அம்மாவுக்கு அப்படிப்பட்டதா என்று டாக்டர்கள் பரிசோதித்துப் பார்க்க முடியும், அம்மாவிடமே கேட்கலாம், கேட்டால் அவர் உடைந்துபோய்விட மாட்டார். எப்படி இருந்தாலும் இந்த வயசில் நீ பயப்பட வேண்டியதோ செய்துகொள்ள வேண்டியதோ ஒன்றும் இல்லை.

கட்டிப்பிடிப்பது பற்றி: முன்னால் ஓடிப்போய் இறுக்கக்கூடாது, அவ்வளவுதான். இன்றைக்கு ராத்திரி அவர் பக்கத்தில் போய், “அம்மா, எந்தப் பக்கம் வலிக்காது?” என்று கேள். அவர் காட்டுகிற பக்கத்தில் படுத்துக்கொள். பாத்திரம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.